அறுபத்தெட்டாவது கட்டம்

"எந்திரிய்யா! அது என் நாற்காலி!"

"சத்தம் போடாதேம்மா. நான் இங்கே இல்லை."

"இல்லாத ஆளு எதுக்குய்யா என் நாற்காலியில உக்காந்திருக்கே?"

"நான் கண்காணிப்பாளர். கண்காணிப்பாளர் வகுப்புல இருக்கிறதே தெரியக்கூடாது. அதுதான் விதி. நான் இல்லைன்னு நெனச்சுக்கிட்டு நீ பாட்டுக்கு இயல்பா இரு."

"இயல்பா இருக்கணும்னா நான் அதுலதான் உக்காரணும்!"

நாற்காலியின் முதுகைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தவள் மெனானா. மத்தி மீன் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக மீன்தலை கிள்ளுகிறவள். அசையாமல் உட்கார்ந்திருந்தவர் எழுத்தறிவுக் கண்காணிப்பு மாகாண அலுவலகத்தின் இரண்டாம் நிலைக் கண்காணிப்பாளர் ஸீ புவஸ்ஸா. இடம், சாஃபி துறைமுகத்துக்கு மேலே எங்கள் தெருவில், அல்லாலின் ரொட்டி அடுப்புக்கு மாடியில் இருக்கும் ஒற்றை அறை. கீழே நாள் முழுக்க அடுப்பு எரிவதால் மேலே தரை சுடும். இல்லாத ஆளுக்கும் கழுத்தோரம் வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

கவ்ஸர் டீச்சர் நடுவில் வந்து, "லல்லா மெனானா, இன்னிக்கு ஒரு நாள் ஜன்னல் திண்டுல உக்காருங்களேன்" என்று கெஞ்சினாள். எங்கள் ஊரில் மரியாதைக்குப் பெண்ணென்றால் லல்லா, ஆணென்றால் ஸீ, ஸீதி. அவளுக்கு இருபத்தெட்டு வயது. ஒப்பந்த வேலை. அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்பதை ஸீ புவஸ்ஸாவின் மடியில் இருந்த படிவம்தான் முடிவு செய்யும். படிவத்தில் எழுபத்திரண்டு கட்டங்கள். ஆசிரியை கரும்பலகைக்கு முதுகு காட்டிய நேரம், மாணவிகள் புன்னகைத்த தடவைகள், ஜன்னல் திறந்திருந்த அளவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். அறுபத்தெட்டாவது கட்டம் கொஞ்சம் ஒடுக்கமானது. அதன் தலைப்பு: 'எழுத்து (இருந்தால்).'

மெனானா விட்டுக்கொடுத்துத் திண்டில் உட்கார்ந்தாள். போகிற போக்கில் அவளுடைய ஈரக் கையுறையிலிருந்து ஒரு சொட்டு மீன்தண்ணீர் படிவத்தின் ஓரத்தில் விழுந்தது. ஸீ புவஸ்ஸா தான் அங்கே இல்லை என்பதை மறந்து துள்ளி எழுந்தார்.

"ஐயோ! இது எண் போட்ட படிவம்! ஒண்ணு கெட்டாலும் கிழிஞ்சாலும் விசாரணை! டைரக்டரோட சுற்றறிக்கை!"

"இல்லாத ஆளுக்கு எவ்வளவு கோவம் வருது பாரு" என்றாள் முன்வரிசையில் இருந்த ஹத்தூம். எங்கள் தெருவில் வாய் என்றால் ஹத்தூமின் வாய்தான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மெனானா ஏன் படிக்க வந்தாள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கண்டவர்கள் கண்டபடி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். கணவன் கடலோடு போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. வீட்டை அவள் பெயருக்கு மாற்ற நகராட்சிக்குப் போனாள். எழுத்தர் மைத்தட்டை நகர்த்தினார். கட்டைவிரலை வைத்தாள். தாளில் கறுப்பாக ஒரு வட்டம் விழுந்தது. அதற்குள் ஒரு கோடு இல்லை. உப்பும் செதிலும் கத்தரியும் இருபத்தாறு வருடமாக அரித்த விரலில் ரேகை எங்கே இருக்கும்?

"என்னம்மா இது, ஒலிவக்காய் மாதிரி இருக்கு" என்றார் எழுத்தர். "வேற விரல் கொண்டா."

பத்து விரலும் பார்த்தாயிற்று. பத்து ஒலிவக்காய் விழுந்தது. ரேகை இல்லாத ஆளை அரசாங்கம் ஆளாகவே எடுத்துக்கொள்ளாதாம். வேறு வழி ஒன்றுதான். நாலு பக்கப் பத்திரத்தின் கடைசியில் அவளே தன் கையால் 'படித்தேன், ஒப்புகிறேன்' என்று எழுதிப் பெயரையும் போட வேண்டும். நோன்புப் பிறை தெரிவதற்குள். தவறினால் அவள் வீடு, உரிமையாளர் இல்லாத வீடுகளின் பட்டியலுக்குப் போய்விடும்.

"அந்த ரெண்டு வார்த்தையையும் பேரையும் மட்டும் படம் மாதிரி வரைஞ்சு பழகிக்கோயேன், அக்கா" என்றாள் ஹத்தூம் அப்போதே.

"படிச்சேன்னு எழுதச் சொல்றான். படிக்காம எப்படிடி எழுதறது? என் வீட்டைப் பொய் சொல்லியா வாங்கணும்?"

இப்படித்தான் அவள் வகுப்புக்கு வந்தாள். அவள் வந்ததும் பந்தயம் மாதிரி இன்னும் பதினோரு பேர் வந்தார்கள், ஹத்தூமையும் சேர்த்து. எல்லோரும் மீன் பெண்கள். வெள்ளை ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வருவார்கள். கழற்ற முடியாது. படகு கரைக்கு வந்தால் தொழிற்சாலை சங்கு ஊதும். ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ஒரு சங்கு. எங்கள் தெருப் பெண்களுடையது நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. ஊதிய கால் மணி நேரத்தில் வாசல் மூடிவிடும். மூடினால் அன்றைய வேலை போயிற்று. கவ்ஸர் டீச்சருக்கு இது பழகிவிட்டது. பாதி எழுத்தில் சங்கு ஊதினால், "மீதிப் பாதியை வாயில வெச்சுக்கிட்டு ஓடுங்க" என்பாள்.

ஸீ புவஸ்ஸா வந்த அன்றும் ஊதியது. அரை நிமிடத்தில் அறை காலி. படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் தேய்ந்து மறைந்தது.

டீச்சர் சாக்கட்டியை வைக்கப் போனாள்.

"வைக்காதீங்க" என்றார் ஸீ புவஸ்ஸா. "கண்காணிப்பு ஒரு மணி நேரம். இன்னும் நாப்பத்தெட்டு நிமிஷம் இருக்கு. இயல்பா நடத்துங்க."

"யாருக்கு, ஸீதி?"

"நான் இல்லைன்னு சொன்னேனே. என்கிட்ட கேள்வி கேக்காதீங்க."

நாற்பத்தெட்டு நிமிடம் டீச்சர் பன்னிரண்டு காலி இருக்கைகளுக்குப் பாடம் நடத்தினாள். கீழே ரொட்டி வாங்க வந்தவர்கள், பாவம், நல்ல பெண், பித்துப் பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அறிக்கை வந்தது: 'ஒழுங்கும் அமைதியும்: மிகச் சிறப்பு. மாணவிகள் பன்னிரண்டு பேரும் பாதியில் வெளியேறினர். காரணம்: ஆசிரியையின் குரலில் ஈர்ப்பு போதாது.'

அடுத்த மாதம் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் டீச்சரைக் கவனிக்க, ஒருவர் மாணவிகளைக் கவனிக்க, மூன்றாமவர் இந்த இருவரும் ஒழுங்காகக் கவனிக்கிறார்களா என்று கவனிக்க. மூவரும் இல்லாதவர்கள், மூவருக்கும் நாற்காலி, மூவருக்கும் புதினாத் தேநீர். அதற்குள் அலுவலகம் துறைமுகத்துக்குக் கடிதமும் போட்டிருந்தது: வகுப்பு நேரத்தில் படகுகள் கரைக்கு வருவதைத் தவிர்க்கவும். கடிதம் கிடைத்தது என்றும், மீன்களுக்கு இன்னும் தெரிவிக்க முடியவில்லை என்றும் துறைமுகத்திலிருந்து பதில் வந்ததாகக் கேள்வி. அதையும் கோப்பில் சேர்த்தார்கள்.

இது வரைக்கும் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அன்றைக்குப் புறப்படும்போது, மூவரில் ஒருவரான ஸீ புவஸ்ஸா ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். இறுதிக் கண்காணிப்பு முடியும் வரை புது எழுத்து எதுவும் சொல்லித்தரக்கூடாது என்று அதில் இருந்தது.

"ஏன், ஸீதி?" என்றாள் டீச்சர்.

"முதல் வருகையில மாணவிகள் என்ன நிலையில இருந்தாங்கன்னு பதிஞ்சாச்சு. நடுவுல நீங்க சொல்லிக்கொடுத்து அவங்க கத்துக்கிட்டா அந்தப் பதிவு தப்பாயிடும்ல?"

"கத்துக்கத்தானே வராங்க!"

"வரட்டும். கண்காணிப்பு முடிஞ்சதும் கத்துக்கட்டும். அதுவரைக்கும் எப்படிக் கவனிக்கப்படறதுன்னு பயிற்சி குடுங்க. பேனாவை ஆர்வமா பிடிக்கிறது, பலகையை ஆவலா பாக்கறது. போன தடவை ஒரு அம்மா முறைச்சாங்க. அது கட்டத்துக்குள்ள வராது."

மெனானாவின் பெயரில் பாதி எழுத்துகூட அதுவரை வந்திருக்கவில்லை. பிறைக்கு ஐந்து வாரம் இருந்தது.

மறுநாள் பன்னிரண்டு பெண்களும் ஆர்வமாகப் பேனா பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். எழுதவில்லை. மெனானா பத்து நிமிடம் பொறுத்தாள்.

"டீச்சர், நான் அங்க தலை கிள்ளினா மீனுக்குத் தலை போவும். இங்க என்ன பண்றேன்? கத்தியைப் பிடிச்சுக்கிட்டுப் போட்டோவுக்கு நிக்கறேனா?"

"என் கையைக் கட்டிப் போட்டிருக்காங்க, லல்லா. வகுப்புல சொல்லித் தரக்கூடாதாம்."

"வகுப்புலதானே?" என்றாள் ஹத்தூம். "கீழ அடுப்படி வகுப்பு இல்லையே."

அதற்குப் பிறகு நடந்ததை எங்கள் தெரு முழுக்கப் பார்த்தது. ஒருவரும் அதிகாரிகளிடம் வாயைத் திறக்கவில்லை. எங்கள் தெரு வாயைத் திறக்காமல் இருந்தது அது ஒரு முறைதான்.

எங்களுக்கு வீட்டில் அடுப்பு கிடையாது. மாவைப் பிசைந்து வட்டமாகத் தட்டி, பலகையில் அடுக்கி, மேலே துணி போட்டு அல்லாலிடம் கொண்டுவருவோம். எந்த ரொட்டி யாருடையது என்று தெரிய ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாளம். மூன்று குத்து என்றால் ஹத்தூம் வீடு. விளிம்பில் பிறை என்றால் மெனானா வீடு. கவ்ஸர் டீச்சரும் தினம் காலையில் பலகையோடு வந்து வரிசையில் நிற்க ஆரம்பித்தாள். தனியாக இருக்கிற பெண்ணுக்குத் தினமும் ஆறு ரொட்டி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அவள் தன் மாவின்மேல் தீக்குச்சியால் ஓர் எழுத்துக் கீறுவாள். பன்னிரண்டு பெண்களும் எட்டிப் பார்த்துத் தங்கள் மாவில் கீறுவார்கள். தப்பாகப் போனால் உருட்டித் திரும்பத் தட்டலாம். எந்த நோட்டுப்புத்தகத்தில் அந்த வசதி இருக்கிறது? பத்து நாளில் ரொட்டிகள் பெயரோடு வெளியே வந்தன. இருபது நாளில் வாக்கியங்களோடு.

முதலில் கத்தியவன் அல்லால். நாற்பது வயது, தனிக்கட்டை, புருவம் பாதி கருகிய மனிதன்.

"மூணு குத்து இருந்தா ஹத்தூம் வீடுன்னு எடுத்து வெப்பேன். இப்ப என்னமோ புழு ஊர்ந்த மாதிரி இருக்கு! நேத்து பாங்கு சொல்ற முஅத்தின் வீட்டு ரொட்டியை நாவிதனுக்குக் குடுத்துட்டேன். நான் எங்க போய்ப் படிக்கறது?"

"மாடியிலதான் பள்ளிக்கூடம் இருக்கு, வாயேன்" என்றாள் ஹத்தூம். "ஆனா இப்ப அங்க சொல்லித் தர மாட்டாங்க. சும்மா பாப்பாங்க."

"நீ சொல்லித் தாயேன்."

"புருவம் வளரட்டும், தரேன்."

ஆனால் சொல்லித் தந்தாள். சூடான ரொட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, "இது யாரு? நல்லா பாரு. கண்ணு வெந்து போச்சா?" என்று தினமும் அவனை வறுத்தெடுத்தாள். பலகையை வாங்கிக்கொள்ள ஆன நேரத்தைவிட அதிக நேரம் அவள் அங்கே நின்றாள் என்று நான் சொல்லவில்லை. எதிர்வீட்டில் சொன்னார்கள்.

ஒரு நாள் ஸீ புவஸ்ஸா, இறுதிக் கண்காணிப்புக்கு அறையின் நீளம் அகலம் அளக்க வந்தவர், பசிக்கு ஒரு ரொட்டி எடுத்தார். அதன்மேல் 'மெனானா வீட்டு ரொட்டி, தொடாதே' என்று எழுதியிருந்தது. 'தொடாதே'யை முதலில் கடித்தார். பிறகு மெனானாவைத் தின்றார். உப்பு சரியாக இருக்கிறது என்றார். ரொட்டிக்கு அவர் படிவத்தில் கட்டம் இல்லை.

இறுதிக் கண்காணிப்பு பிறைக்கு ஆறு நாள் முன்பு. டைரக்டர் ஸீ ஜிலாலியே வந்தார், ஏழு அதிகாரிகளோடு. நாற்காலிகள் அவர்களுக்கும் அவர்கள் கோப்புகளுக்கும் சரியாக இருந்தன. பன்னிரண்டு பெண்களும் சுவரோரம் நின்றார்கள். டீச்சரை, அவள் கண்காணிக்கப்படும் பொருள் என்பதால், மூலையில் நிற்கவைத்தார்கள். டைரக்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு பேசினார்.

"அன்பான எழுத்தறியாத சகோதரிகளே! பதினேழு வருஷமா எங்க அலுவலகம் உங்களை விட்டுக் கண்ணை எடுக்கலை. மற்ற மாகாணங்கள்ல அவசரப்பட்டுச் சொல்லிக்கொடுத்துட்டாங்க. இன்னிக்கு அங்க கண்காணிக்க ஆள் இல்லை. நாற்காலிகள் காலியா கெடக்கு. பாக்கவே வயிறு எரியுது. நாங்க அப்படி விடலை. நாங்க தொடங்கினப்ப இந்த மாகாணத்துல எத்தனை பேருக்கு எழுதத் தெரியாதோ, இன்னிக்கும் ஒருத்தர் குறையாமக் காப்பாத்தி வெச்சிருக்கோம். எங்க ஊழியர்கள் முப்பத்தொரு பேர். அவங்க எல்லாரும் உங்களை நம்பித்தான் இருக்காங்க. நீங்க கைவிட மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்."

அதிகாரிகள் கைதட்டினார்கள். போன தடவை வந்த அந்த மூன்றாமவர் எத்தனை பேர் தட்டினார்கள் என்று குறித்துக்கொண்டார்.

ஸீ புவஸ்ஸா படிவத்தையும் மைத்தட்டையும் மேஜையில் வைத்தார். எழுபத்திரண்டு கட்டமும் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. அறுபத்தெட்டில் ஒரு கோடு. அடியில் அறிக்கை.

"பாடம் நடக்கவே இல்லையே, ஸீதி!" என்றாள் டீச்சர் மூலையிலிருந்து.

"அறிக்கை போன வாரமே தட்டச்சு ஆயிடுச்சு. நீங்க இப்ப எதையாவது நடத்தி அதைக் கெடுத்துடாதீங்க" என்றார் ஸீ புவஸ்ஸா. "சகோதரிகள் ஒவ்வொருத்தரா வந்து கட்டைவிரல் வைங்க. படிச்சுக் காட்டினதா எடுத்துக்குவோம். நேரம் மிச்சம்."

முதல் பெயர் மெனானா. அவள் விரலை மையில் தோய்த்து வைத்தாள். கறுப்பு வட்டம்.

"அழுத்தி வையும்மா."

இன்னொரு கறுப்பு வட்டம்.

"உனக்கு விரல் இருக்கா இல்லையா?" என்றார் டைரக்டர்.

"இருக்கு. ரேகையை மத்தி மீன் தின்னுடுச்சு. பேனா குடுங்க."

"பேனா எதுக்கு?"

"விரல் விழலைன்னா கையெழுத்துன்னு நகராட்சியில சொன்னாங்க. ஆனா படிச்சுட்டுத்தான் போடணுமாம்."

அவள் படிவத்தைக் கையில் எடுத்தாள். மீன் எண்ணுகிற மாதிரி ஒவ்வோர் எழுத்தின் மீதும் விரல் வைத்து வாசித்தாள்.

"இவ்...வகுப்பில் பயிலும்... பன்னிரண்டு பெண்களுக்கும்... எழுதவோ வாசிக்கவோ... தெரியாது..." நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி குனிந்தாள். "கற்கும் ஆர்வமோ... திறனோ... அவர்களிடம் இல்லை. ஆகவே வகுப்பை மூடி... இவ்வறையை... நிரந்தரக் கண்காணிப்பு மையமாக... மாற்றுவது இவர்களுக்குப் படித்துக் காட்டப்பட்டு... இவர்கள் மனமுவந்து ஒப்புக்கொண்டனர்."

ஸீ புவஸ்ஸாவின் முகத்தில் இப்போதுதான் அவர் நிஜமாகவே அங்கே இல்லாதது தெரிந்தது.

அந்த நேரம் பார்த்துச் சங்கு ஊதியது. நீளமாக ஒன்று. குட்டையாக இரண்டு.

"வேலைக்கு நேரமாச்சு!" என்று துள்ளினார் டைரக்டர். "போங்க, போங்க! உழைப்புதான் முக்கியம். விரலை அப்புறம் பாத்துக்கலாம்!"

பூட்ஸுகள் அசைந்தன. இருபத்தாறு வருடப் பழக்கம் கால்களில் இருந்தது. மெனானாவின் காலும் ஓர் அடி முன்னே போய்விட்டு நின்றது. வாசல் மூடக் கால் மணி. இங்கிருந்து ஓடினால் எட்டு நிமிடம். அவள் மேஜையிலிருந்து டைரக்டரின் பேனாவையே எடுத்தாள்.

"வாசல் மூடினா மூடட்டும்."

அறுபத்தெட்டாவது கட்டத்தில் இருந்த கோட்டின் மேலேயே எழுதத் தொடங்கினாள். கட்டம் போதவில்லை, எழுத்து அறுபத்தொன்பதுக்குள் புகுந்து ஓரத்துக்கு ஏறியது. 'படித்தேன். ஒப்பவில்லை. மெனானா.' மாவில் எழுதிப் பழகிய கை. அழுத்தம் அதிகம். அடுத்த பக்கம் வரை பதிந்தது.

"இது அரசாங்கப் படிவம்!" என்றார் ஸீ புவஸ்ஸா.

"தெரியும். எண் போட்டிருக்கு. ஆயிரத்து நூத்தி நாலு" என்றாள் ஹத்தூம். வாசித்துத்தான் சொன்னாள். "பேனாவை இப்படிக் குடு அக்கா. சீக்கிரம்."

படித்தேன். ஒப்பவில்லை. ஹத்தூம். அடுத்தவள். அதற்கடுத்தவள். பன்னிரண்டு பேரும் எழுதினார்கள். ஒருத்திக்கு எழுத்து மாறிப்போயிற்று. பழக்கதோஷத்தில் தாளை உருட்டித் திரும்பத் தட்டப் பார்த்தாள். டீச்சர் பாய்ந்து தடுத்தாள். பிறகு பன்னிரண்டு ஜோடி பூட்ஸ் படியிறங்கி ஓடின. எட்டுப் பேர் உள்ளே போனார்கள். நாலு பேருக்கு முன்னால் வாசல் மூடிக்கொண்டது. மெனானா அந்த நாலில் ஒருத்தி. மூடிய வாசல் முன்னால் அவள் உட்கார்ந்து சிரித்ததை வலை பின்னுகிறவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

மாடியில் அதிகாரிகள் தாளைச் சுற்றி நின்றார்கள். எழுதத் தெரியாது என்று சொல்லும் அறிக்கையின் மேல் பன்னிரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அறிக்கை உண்மை என்றால் இதை எழுதியது யார்? இதை இவர்கள் எழுதியது உண்மை என்றால் அறிக்கை எதற்கு? கிழிக்கலாம் என்றார் ஒருவர். கிழித்தால் விசாரணை என்ற சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டவர் ஸீ ஜிலாலி. கடைசியில் கோப்பை மேலே அனுப்பினார்கள். மேலே அதைக் கண்காணிக்க ஒரு குழு போட்டிருப்பதாகவும், குழுவுக்கு நாற்காலி வந்துவிட்டதாகவும் கேள்வி. முடிவு வரும் வரை வகுப்பை மூடவும் முடியாது, டீச்சரை நீக்கவும் முடியாது, கவனிக்க ஆள் அனுப்பவும் முடியாது. வகுப்பு நடந்தது. நாற்காலியில் மெனானா உட்கார்ந்தாள்.

பிறைக்கு முதல் நாள் நகராட்சிக்குப் போனாள். எழுத்தர் பழக்கத்தில் மைத்தட்டை நகர்த்தினார். அவள் அதைத் திருப்பி நகர்த்திவிட்டு நாலு பக்கத்தையும் வாசித்தாள். பின்னால் வரிசை கடற்கரை வரை நீண்டது.

"அம்மா, எல்லாரும் கடைசியில போட்டுட்டுப் போறாங்க. உனக்கு மட்டும் என்ன?"

"மூணாவது பக்கத்துல என் வீட்டுக்கு ரெண்டு வாசல்னு இருக்கு. ஒண்ணுதான்."

"ஒரு வாசல் அதிகமா இருந்தா என்ன நஷ்டம்?"

"இல்லாத வாசலுக்கு நான் எங்க போய்க் கதவு போடறது? திருத்து."

திருத்தினார். அதற்குப் பிறகுதான் எழுதினாள். அந்த வீட்டில்தான் இப்போதும் இருக்கிறாள். ஒரே வாசல்.

கவ்ஸர் டீச்சர் மறுவருடம் எஸ்ஸவீராவுக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டாள். அங்கேயும் ரொட்டி அடுப்புக்குப் பக்கத்திலேயே வீடு எடுத்திருக்கிறாளாம். ஸீ புவஸ்ஸா அலுவலகத்தை விட்டுவிட்டு, அவர் அடிக்கடி தேநீர் குடிக்கப் போன கடைக்காரரின் மகளைக் கல்யாணம் செய்துகொண்டு மராகெஷுக்குக் குடிபோனார். இப்போதெல்லாம் இருக்கிற இடத்தில் நிஜமாகவே இருக்கிறாராம். ஸீ ஜிலாலிக்குத் தலைநகரில் பதவி உயர்வு.

ஹத்தூமுக்கும் அல்லாலுக்கும் அறுவடை முடிந்த வெள்ளிக்கிழமை நிக்காஹ். அவனுக்குப் புருவம் முளைத்திருந்தது. ஒப்பந்தத்தை எழுதிய இரண்டு சாட்சி எழுத்தர்களும் இங்கே விரல் வை என்றார்கள். ஹத்தூம் தாளைப் பிடுங்கி, முதலிலிருந்து கடைசி வரை வாசித்தாள். கோழிக்கறி ஆறியது. தஃப் மேளம் அடிப்பவர்கள் கையைத் தூக்கியபடி நின்றார்கள். பிறகு பேனாவை வாங்கி, 'படித்தேன்' என்று எழுதினாள். எழுதிவிட்டு நிறுத்தினாள். பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளையை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள்.

வாழ்நாள் முழுக்க நெருப்பின் முன்னால் நின்றவன். அடுத்த வார்த்தை தாளில் விழுவதற்குள் அவனுக்கு வியர்த்த வியர்வையை நான் என் கண்ணாலேயே பார்த்தேன்.